கிளாஸ் நாள்ல மட்டும் பிள்ளைக்கு வயித்து வலி, டான்ஸ் டீச்சர மாத்திரலாமா?

பெருமாள்புரம்_அம்மா:

வணக்கம். இங்கன எழுதுறத எல்லாம் ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொத தடவ கேக்கேன், கொஞ்சம் நீளமாருக்கும் கோச்சுக்காதீய.

எம்மவளுக்கு 12 வயசு, ஏழாப்பு. அஞ்சு வருசமா பரதம் படிக்கா. நாங்களா கொண்டு சேக்கல, அவளாத்தான் கேட்டா. நெல்லையப்பர் கோயில்ல தாமிர சபைக்கு முன்ன நின்னுகிட்டு நடராஜர் மாதிரி ஒத்தக் கால தூக்கிப் பாத்து தொபுக்குன்னு விழுந்துட்டு "இத எங்கம்மா சொல்லித்தருவாவ"ன்னு கேட்ட பிள்ள. மொத மூணு நாலு வருசம் சனிக்கெழம காலைல நான் எந்திக்க முன்ன சேலயக் கட்டிட்டு ரெடியா நிப்பா. நான் தோச ஊத்திட்டு இருப்பேன், பின்னால நின்னு தட்டடவு, அதான் கால தட்டுற அடிப்படை ஆட்ட அசைவு, போட்டுட்டு இருப்பா, கீழ் வீட்டுக்காரவிய மேல வந்து சத்தம் போட்டதுகூட உண்டு.

இப்ப ஒரு எட்டு மாசமா வெள்ளிக்கெழம ராத்திரியானா வயித்து வலிங்கா. ஸ்கூல் போற நாள்ல ஒண்ணுங் கெடையாது, டாக்டர்ட்ட காட்டி ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாவ.

டீச்சர குத்தம் சொல்லவும் மனசு வரல. அவிய பிள்ளையளு மேடை ஏறுனா கண்ண எடுக்க முடியாது, அப்படி சுத்தமாருக்கும். ஆனா ஒருத்தி தப்பு பண்ணுனா "இவளாலதான்"ன்னு பேரச் சொல்லி எல்லாரையும் மொதல்லேர்ந்து ஆட விடுவாவ. போன வருசம் இவ மளமளன்னு வளந்துட்டா, அதுலேர்ந்து "ஒட்டகமாட்டம் வளந்தா போதுமா, அரமண்டி எங்க"ன்னு அத்தன பேர் முன்னாலயும் கேக்காவ. அரமண்டின்னா முட்டிய ரெண்டு பக்கமும் விரிச்சு மடக்கி பாதி உக்காந்த நிலை. முன்வரிசைல நின்னவ இப்ப கடைசி வரிசை. தாளம் தட்டுற தட்டுக்கழியால மொழங்கால்ல ஒரு தட்டு, பலமா இல்ல, ஆனாலும் தட்டு தட்டுதான. எல்லாத்துக்கும் மேல அந்த வாட்ஸ்அப் குரூப்பு. கிளாஸ்ல எடுத்த வீடியோவ நிப்பாட்டி, யார் கால் தப்புன்னு செவப்புல வட்டம் போட்டு அனுப்புதாவ, 30 அம்மாமாரு இருக்குற குரூப்புல. அந்த வட்டம் வந்துச்சுன்னா இவ அன்னைக்கு எம்ஃபோன வாங்கி வாங்கிப் பாப்பா, யாராவது என்னமும் எழுதிருக்காவளான்னு.

வீட்டுக்காரவிய நிப்பாட்டிருங்காவ. எங்க அத்தை "ஏச்சு வாங்காம எந்த வித்த வந்துருக்கு"ங்காவ. சலங்கை பூஜை முடிஞ்சாச்சு, சித்திரைல அரங்கேற்றம்னு பேச்சு, அதுக்குன்னு சீட்டு வேற போட்டு வச்சிருக்கேன்.

கண்டிப்பா இருந்தாத்தான் கல வருமா, இல்ல நாந்தான் எடங்குடுத்து பிள்ளைய கெடுக்கேனா? தெரிஞ்சவிய சொல்லுங்க.


வாகையடிமுக்கு_அண்ணாச்சி:

தாயி, உங்க அத்தை சொல்லுததுதான் சரி. அடியாத மாடு படியாது. நான் சின்னதுல தவுல் படிச்சவன், எங்க வாத்தியார் வாசிக்குற தாளச் சொல்லு தப்புனா வெரல்லயே போடுவாரு, அன்னைக்கு முழுக்க மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாரு. அப்படி இருந்ததுனாலதான் அந்தக் காலத்துல வித்துவான்மாரு வந்தாவ. இப்ப பிள்ளையள தொட்டாலும் குத்தம், பாத்தாலும் குத்தம். ரெண்டு வருசம் படிச்சேன், அந்தச் சொல்லு இன்னைக்கும் மறக்கல.


கேடிசி_நகர்_காரன்:

ரெண்டு வருசத்துக்குப் பொறவு என்னாச்சு அண்ணாச்சி?


வாகையடிமுக்கு_அண்ணாச்சி:

விட்டுட்டேன்.


கேடிசி_நகர்_காரன்:

அப்ப சரி.


பரண்மேல_சலங்கை:

அக்கா நான் உங்க மக நிக்குற அதே எடத்துல நின்னவ. இப்ப வயசு 27, பெங்களூர்ல வேல பாக்கேன், வள்ளியூர் பக்கம்தான் வீடு. ஒம்பது வருசம் படிச்சேன்.

ஏச்சு எனக்குப் பெரிய விசயமே இல்ல, எங்கம்மை ஏசாத ஏச்சா. எங்க டீச்சர்ட்ட எனக்குப் பயம் எதுக்குன்னா அவங்க பேசாம இருக்குறதுக்கு. ஒரு போட்டில தாளச் சொல்லுக்கு ஆடுற ஜதிய மறந்து நின்னுட்டேன், அதுக்கு மூணு வாரம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கிளாஸுக்குப் போவேன், ஆடுவேன், என்னத் தாண்டி அடுத்தவளுக்கு கைய திருத்திவிடுவாங்க, நான் அங்க நிக்காத மாதிரி. திட்டிட்டாக்கூட பரவால்லன்னு இருக்கும். 13 வயசுல அது என்னன்னு சொல்லத் தெரியாதுல்லா, என்மேலதான் ஏதோ பெரிய கோளாறுன்னு நெனச்சுகிட்டேன்.

அதுக்குப் பொறவு ஆடும்போது தாளம் எங்காதுல விழுறதே கொறஞ்சு போச்சு, இது கோட்டித்தனமா தெரியலாம் ஆனா நெசம். டீச்சர் தாளம் தட்டிச் சொல்லுற நட்டுவாங்கம் கேக்கும், ஆனா எங்கண்ணு பூரா அவங்க மூஞ்சிலதான், புருவம் சுருங்குதா, உதடு கோணுதான்னு. அபிநயம் வேற புடிக்கணும். கண்ணன் வெண்ணெய் திருடுதான்னு முகத்துல காட்டணும், எம்முகத்துல இருக்கறது பூரா நாந்தான் திருடி மாட்டுன மாதிரி பயம்.

உடம்பப் பத்தியும் சொல்லுவாங்க. "உனக்கு இந்த பிளவுஸ் பத்தாது"ன்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சாங்க ஒரு நாள், வேணும்னு சொன்னதா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, நான் ராத்திரி சாப்பாட நிப்பாட்டிட்டேன். வீட்ல பசிக்கலன்னு சொல்லிட்டு படுத்துருவேன். ஒரு வருசம் போல அப்படி ஓட்டுனேன், யாருக்கும் தெரியாது, இங்கதான் மொதல்ல சொல்லுதேன்.

அரங்கேற்றம் நல்லபடியா முடிஞ்சுது. மார்க்கம் முழுசும், மொத உருப்படி அலாரிப்புலேர்ந்து கடைசி தில்லானா வரைக்கும், ரெண்டரை மணி நேரம். எல்லாரும் கை தட்டுனாங்க, மாலை போட்டாங்க. வீட்டுக்கு வந்து சலங்கைய அவுத்து பரண்ல வச்சேன், அதுக்குப் பொறவு எறக்கல. எங்கம்மைக்கு வெளங்கவே இல்ல, "இம்புட்டு செலவழிச்சு படிச்சுட்டு"ன்னு இன்னைக்கும் வெசனப்படுவாங்க.

உங்க மகட்ட டீச்சர் எப்படின்னு கேக்காதீங்க, நல்ல டீச்சர்னுதான் சொல்லுவா, நானும் அப்படித்தான் சொன்னேன். ஆடும்போது எங்க பாக்கேன்னு கேட்டுப் பாருங்க.


பெருமாள்புரம்_அம்மா:

இத படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்மா. நீ நல்லாருக்கியா இப்ப?


பரண்மேல_சலங்கை:

நல்லாருக்கேன்க்கா. சாப்பாடு நல்லா சாப்பிடுதேன், கவலப்படாதீங்க.


பேட்டை_அப்பா_2:

எங்க கத நேர் எதிர். எம்பொண்ணு டீச்சர் திட்டுனதே கெடையாது, எது பண்ணாலும் சூப்பர், செம, கண்ணுக்குட்டி கலக்கிட்ட. வருசத்துக்கு ரெண்டு சர்டிபிகேட், ஒரு ஷீல்டு. மூணு வருசம் கழிச்சு வெளியூர்ல ஒரு நிகழ்ச்சிக்கு கூட்டிட்டுப் போனோம், அங்க இவள விட சின்னப்பிள்ளையளு ஒழுங்கா அரமண்டில உக்காந்து மூணாங் காலத்துல, அதான் மூணாவது வேகத்துல, ஆடுதுக, இவளுக்கு ரெண்டாங் காலத்துக்கே கால் பின்னுது. வண்டில திரும்பி வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அப்ப மிஸ் எங்கிட்ட பொய் சொன்னாங்களாப்பா"ன்னு. அதோட முடிஞ்சுது. அதனால ஏசாத டீச்சரா பாத்து மாத்துனா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சிராதீங்க.


சைக்காலஜி_பாளை:

நான் பிஜி படிக்கேன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன்.

குறிப்பிட்ட நாள்ல மட்டும் வர்ற வயித்து வலி நடிப்பா இருக்கணும்னு இல்லக்கா. பிள்ளைங்களுக்கு மனசுல உள்ள பதட்டம் வயித்துலயும் தலைலயும்தான் மொதல்ல வரும், வலி நெசமாவே வலிக்கும். "சும்மா சொல்லாத"ன்னு மட்டும் சொல்லிராதீங்க.

ஊக்கம் பத்தி டெசி, ரயன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளருங்க தியரி ஒண்ணு உண்டு, செல்ஃப் டிடர்மினேஷன்னு பேரு. சுருக்கமா சொன்னா, ஒருத்தர் ஒரு வேலைய தானா விரும்பிச் செய்யணும்னா மூணு பசி அடங்கணும்: இது நானா எடுத்துச் செய்யுதேன்ங்கறது, என்னால முடியுதுங்கறது, இங்க உள்ளவங்களுக்கு நான் வேணும்ங்கறது. உங்க மகளோட கிளாஸ நெனச்சுப் பாருங்க. கடைசி வரிசை, செவப்பு வட்டம், "இவளாலதான்". ரெண்டாவதும் மூணாவதும் அங்கயே அடி வாங்கிருச்சு. பேட்டை அண்ணனோட பொண்ணுக்கு அந்த ரெண்டாவதுல வெறும் காத்து அடிச்சு வச்சிருந்தாங்க, ஒரு குத்துல போச்சு.

அந்த ஷீல்டு சமாச்சாரமும் இதுலயே வரும். 1971ல டெசி காலேஜ் பசங்களுக்கு கட்டைய சேக்குற ஒரு புதிர் விளையாட்டக் குடுத்தாரு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் போட்டா காசுன்னாரு. காச நிப்பாட்டுன பொறவு அந்தக் கூட்டம் சும்மா இருக்குற நேரத்துல அத தொடுறது கொறஞ்சு போச்சு. விளையாட்டா இருந்தது கூலி வேலையாயிருச்சு.

டான்ஸ வச்சே பண்ண ஆராய்ச்சியும் இருக்கு. இங்கிலாந்துல எலினார் குவெஸ்டெட், ஜோன் டூடான்னு ரெண்டு பேரு டான்ஸ் படிக்குற மாணவங்கள வச்சு 2010ல எழுதுனாங்க. முயற்சியும் முன்னேற்றமும் பாக்குற கிளாஸ்ல பிள்ளைங்க தெம்பா இருந்தாங்க, யார் ஒசத்தி யார் மட்டம்னே ஓடுற கிளாஸ்ல என்னால முடியுதுங்கற நெனப்பும் ஒட்டுதலும் கொறஞ்சிருந்துச்சு. அது அந்த ஊர் டான்ஸ், நம்ம குரு சிஷ்யன் கதைக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்லல, ஆனா மேல பெங்களூர் அக்கா எழுதுனதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

சாப்பாடு தூக்கம் கொறஞ்சா, ஸ்கூலுக்கும் போகமாட்டேன்னு ஆரம்பிச்சா தள்ளிப்போடாதீங்க. 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோடது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.


அம்பை_நட்டுவாங்கம்:

நான் டீச்சர். 18 வருசமா சொல்லிக்குடுக்கேன். இத படிச்சதுலேர்ந்து எழுதலாமா வேண்டாமான்னு நெனச்சுட்டே இருந்தேன், ஏன்னா மொத ஏழு எட்டு வருசம் நானும் அந்த மாதிரி டீச்சர்தான்.

எங்க குரு தட்டுக்கழிய எறிவாவ. நெசமாவே எறிவாவ, குனிஞ்சுக்கிடணும். அவிய மேல எனக்கு இன்னைக்கும் உசுரு, அது வேற. ஆனா நான் டீச்சரா உக்காந்தப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். சொல்லிக்குடுக்குறதுக்குன்னு நமக்கு யாரும் பயிற்சி குடுக்கதில்ல, நமக்கு எப்படி வந்துச்சோ அப்படியே கைமாத்தி விடுதோம், அடவு மாதிரியே.

மாறுனது எப்படின்னா ஒரு பிள்ளையாலதான். உங்க மக மாதிரியே 12 வயசு, மளமளன்னு வளந்தவ. அரமண்டி போச்சு, பேலன்ஸ் போச்சு, முட்டி வலிக்குதுன்னா. நடிக்கான்னு நெனச்சு ரெண்டு நிமிசம் கூட உக்கார வச்சேன். அவங்கப்பா எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டு, எங்கூட சண்ட போடாம, டாக்டர் சொன்னத மட்டும் வந்து சொன்னாவ. இந்த வயசுல கை கால் எலும்பு விறுவிறுன்னு நீளும், தசை அந்த வேகத்துக்கு ஈடுகுடுக்காம இறுகிப் போகும், முட்டிச்சில்லுக்குக் கீழ தசைநாரு எலும்பப் புடிச்சு இழுக்கும், வலிக்கும். போன மாசம் தானா வந்த அடவு இந்த மாசம் வராது. சோம்பேறித்தனமும் கெடையாது திமிரும் கெடையாது, கொஞ்ச காலம் போனா அதுவா திரும்ப வந்துரும். அதக் கேட்டுட்டு அன்னைக்கு நான் கிளாஸ் எடுக்கல. அதுக்கு முன்ன எத்தன பிள்ளைய இந்த வயசுல எங்கிட்டேருந்து விட்டுட்டுப் போச்சுன்னு எண்ணிப் பாத்தேன். எண்ணிக்கைய இங்க போடமாட்டேன்.

நடராஜரப் பாத்து ஆட ஆசப்பட்ட பிள்ளன்னு சொன்னீய. மதுரைல வெள்ளியம்பலத்துல ஏன் சாமி கால் மாறி ஆடுதாவன்னு கத தெரியும்ல? பாண்டிய ராசாவுக்கு 63 கலை தெரியும், பரதம் மட்டும் தெரியாது, அதையும் படிச்சாரு. படிச்சப்பதான் மேலு வலின்னா என்னன்னு தெரிஞ்சுது. நேரா கோயிலுக்குப் போயி, எப்பவும் வலது கால்லயே நிக்கேரே வலிக்குமே, எனக்காக மாத்தி ஆடும்னு அழுதாரு. ஆடிப் பாத்தவனுக்குத்தான் அடுத்தவன் கால் வலி தெரியும்னு அந்தக் கதைய நான் பிள்ளையளுக்கு வருசா வருசம் சொல்லுவேன், சொல்லிட்டு கம்பையும் கைல வச்சிருப்பேன். எனக்கே அப்ப ஒறைக்கல.

இப்ப எங்க கிளாஸ்ல தட்டுக்கழி அது தட்டுற மரக்கட்டைய, அந்த மனைய விட்டு எந்திக்காது. வரிசை வாரா வாரம் மாறும், முன்ன நின்னவ பின்ன, பின்ன நின்னவ முன்ன, அதுக்கு ஒருத்தியும் காரணம் கேக்க வேண்டாம். ஒரு நேரத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு திருத்தம்தான். "அரமண்டி சரியில்ல"ன்னு சொன்னா அதுக்கு என்ன செய்யணும்னு பிள்ளைக்குத் தெரியாது. "முட்டி உள்ள சாயுது, பாதம் எந்தப் பக்கம் பாக்குதோ முட்டியும் அந்தப் பக்கம் பாக்கட்டும், இல்லன்னா பாதத்த கொஞ்சம் கொறச்சுத் திருப்பு"ன்னா செய்யும், செஞ்சு பாத்து தானே சிரிக்கும். கிளாஸ் முடியுற கடைசி பத்து நிமிசம் எந்த அடவ திரும்ப போடலாம்னு பிள்ளையளுட்டயே விட்டுருவேன். எது வரலியோ அதத்தான் கேப்பாவ பாத்துக்கோங்க! நான் சொன்னா மூஞ்சி சுழிக்குற அதே அடவ.

கண்டிப்பு போயிருச்சான்னா போகல. லேட்டா வந்தா வெளிய நின்னு பாத்துட்டுத்தான் இருக்கணும். மூணு காலமும் சுத்தமா வராம அடுத்த அடவு கெடையாது, அம்மாமாரு எம்புட்டு அழுதாலும் கெடையாது. சேல மடிப்பு கலைஞ்சா திரும்பக் கட்டிட்டு வரணும். பிள்ளையளு அதுக்கெல்லாம் கோவப்படுததே இல்ல, எல்லாருக்கும் ஒண்ணுபோல இருந்தாச் சரி.

அந்த வட்டம் போடுற வீடியோ, அத நெனச்சா எனக்கு வயித்தக் கலக்குது. வீடியோ நல்ல சாமான்தான், பிள்ள தன்ன தானே பாக்க. அந்தப் பிள்ளைக்கும் அவ அம்மைக்கும் மட்டும் அனுப்பட்டும்.

டீச்சர்ட்ட தனியா பேசுங்க. குரூப்புல வேண்டாம், கிளாஸ் நேரத்துல வேண்டாம். நாங்க மேடைல கைதட்டு வாங்கிப் பழகுனவிய, நாலு பேர் முன்ன கேட்டா பதில் வராது, ரோசந்தான் வரும்.


வாகையடிமுக்கு_அண்ணாச்சி:

கேடிசி தம்பி கேட்டதுலேர்ந்து ஒரு மாதிரியாவே இருக்கு. நான் தவுல விட்டது அடிக்காக இல்ல. ஒரு நாள் ஒரு சொல்லு சரியா வாசிச்சேன், எனக்கே தெரிஞ்சுது சரின்னு. தலையத் தூக்கி வாத்தியாரப் பாத்தேன். அவரு வெத்தல போட்டுட்டு இருந்தாரு, அடுத்தவன வாசிக்கச் சொல்லிட்டாரு. மறுநாள் போகல. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதில மேளம் வரும்லா, அப்ப நான் கொஞ்சம் தள்ளி முடுக்குக்குள்ள போயி நின்னுக்கிடுவேன். எதுக்குன்னு வீட்ல கேப்பாவ, கூட்டம்னு சொல்லிருவேன்.


பரண்மேல_சலங்கை:

அண்ணாச்சி.


தென்காசி_ரோடு:

மாத்துறதா இருந்தா ரெண்டு எடம் சொல்லுதேன். நம்ம ஊர்ல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, மூணு வருச கோர்ஸ், பரதமும் உண்டு, ஃபீஸ் ரொம்பக் கம்மி. ஜவஹர் சிறுவர் மன்றத்துலயும் லீவு நாள்ல பரதம் சொல்லிக்குடுக்காங்க. நேர்ல போயி நேரம், வயசு எல்லாம் விசாரிச்சுக்கோங்க. எங்க போனாலும் சேக்க முன்ன ஒரு கிளாஸ் முழுக்க ஓரமா உக்காந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. விடலன்னா அங்கயே யோசிச்சுக்கோங்க.


பெருமாள்புரம்_அம்மா:

ரெண்டு வாரம் கழிச்சு வாரேன், எல்லாருக்கும் பதில் போட முடியல மன்னிச்சுக்கோங்க.

மொதல்ல மகட்ட பெங்களூர் தங்கச்சி சொன்ன மாதிரியே, ஆடும்போது எங்கம்மா பாப்பன்னு கேட்டேன். "கண்ணாடிலம்மா"ன்னா. எங்க கிளாஸ்ல கண்ணாடி உண்டு, சரின்னு விட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளா வந்து, "கண்ணாடில மிஸ் தெரிவாங்கல்லா, அதுக்குத்தான்"ன்னா.

டீச்சர்ட்ட புதன்கெழம சாயங்காலம் தனியாத்தான் போனேன், அம்பை டீச்சர் சொன்ன மாதிரி. மொதல்ல பட்டுன்னு கோவம் வந்துருச்சு, "அப்ப வேற எடம் பாத்துக்கோங்க, எனக்கொண்ணுமில்ல"ன்னுட்டாவ. நான் எதுத்துப் பேசல, அந்த எலும்பு வளருத விசயத்த மட்டும் சொன்னேன், வயித்து வலியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பொறவு காப்பி போட்டுக் குடுத்தாவ. அவியளும் அவிய குருட்ட என்னெல்லாம் வாங்குனாவன்னு ஒரு மணி நேரம் சொன்னாவ, கேக்கவே சங்கடமாருந்துச்சு, எனக்கு அவிய மேலயே பாவமாப் போச்சு.

என்ன மாறிருக்குன்னா, வட்டம் போடுறது நின்னுருச்சு, தனித்தனியா அனுப்புதாவ. ஒட்டகம் மட்டும் போன வாரமும் ஒரு தடவ வாய் தவறி வந்துருச்சாம், பாதில நிப்பாட்டி "ஒட்ட..."ன்னு முழிச்சாவளாம், பிள்ளையளு பூரா சிரிச்சு எம்மவளும் சிரிச்சுட்டாளாம். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல.

அரங்கேற்றம் சித்திரைல வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. ஆட்டம் வேணுமான்னேன், வேணும், இது மட்டும் இப்ப வேண்டாம்னா. அத்தைக்கு வருத்தந்தான். சீட்டுக் காசு அப்படியே கெடக்கட்டும்னு வீட்டுக்காரவிய சொல்லிட்டாவ. வேற ரெண்டு கிளாஸும் போயி ஓரமா உக்காந்து பாத்துட்டு வந்தோம், இன்னும் முடிவு பண்ணல, பொங்கல் வரைக்கும் பாக்கலாம்னு இருக்கேன்.

வயித்து வலி ரெண்டு வெள்ளிக்கெழம வரல. போன ஞாயித்துக்கெழம வந்துச்சு, நான் பதறிப் போயிட்டேன். பொறவு பாத்தா முந்துன நாள் மறுவீட்டுல தேங்காப்பால் சொதிச் சாப்பாடு, மூணு தடவ வாங்கிச் சாப்ட்டுருக்கா.


வாகையடிமுக்கு_அண்ணாச்சி:

இஞ்சித் தொவையல் வச்சிருக்க மாட்டாவ.